துப்பாக்கிக்குத் தனிப் பயணம்

வால்பாறையில் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, தோட்டத்து பங்களாவைக் காலி செய்து பொள்ளாச்சிக்குக் குடிவந்த நாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காலை ஆறு மணிக்கே லாரி வந்துவிட்டது. மூட்டை கட்ட நான்கு பையன்கள். பத்து மணிக்குள் பாதி வீடு காலி. பீரோவை நகர்த்திய ஒரு பையன், அதன் பின்னால் சாத்தியிருந்த நீளமான கம்பளிச் சுருட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஐயா, இதையும் மெத்தையோட சேத்துச் சுருட்டிடலாங்களா?"

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கம்பளிக்குள் இருந்தது அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதை வாங்கி, குழலை மண்ணைப் பார்க்கத் திருப்பியபடி கொல்லைப்புறம் போய் மடக்கித் திறந்தார். இரண்டு குழலும் காலி. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் தோட்டாக்களின் நினைவு வந்தது. சமையலறைப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அந்த டப்பா ஏதோ ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய், அந்தப் பெட்டி லாரியில் ஏறிவிட்டிருந்தது. எந்தப் பெட்டி என்று எவருக்கும் தெரியவில்லை. பாதி லாரியை மறுபடி இறக்கி, ஒன்றரை மணி நேரம் தேடி, பருப்பு டின்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தோம். உள்ளே ஒன்பது தோட்டாக்கள் இருந்தன.

பெரியப்பா அசட்டையான மனிதர் இல்லை. லைசென்ஸை ஒருநாள்கூடக் காலாவதியாக விட்டதில்லை. மழைக்காலம் முடிந்ததும் குழலைத் துடைத்து எண்ணெய் போடுவார். குழந்தைகள் வந்தால் பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். அப்படிப்பட்டவருக்கே வீடு மாறும் நாளில் கை நழுவியது. "கிளம்பும்போது கையோடு எடுத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றார். தவறு அந்த நினைப்பில்தான் இருந்தது. சாமான் ஏறும் நாளில் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. அதற்கு வேறொரு நாள் வேண்டும், வேறொரு பயணம் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதன் காரணங்களும் செய்முறையும்.

தமிழ்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால் சினிமாவில் வரும் ஜமீன்தார்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். உண்மையில் அவர்கள் நம் தெருவில் இருப்பவர்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தினர், காட்டோரத்தில் பயிர் வைத்திருக்கும் விவசாயிகள், நகைக்கடைக்காரர்கள், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகும் மாணவர்கள். வேலூர் அருகே கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் உள்ள ஊர்களும் நமக்கு உண்டு. இவர்கள் எல்லோருமே வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீடு மாறுகிறவர்கள்தான். பாத்திரம், பிரிட்ஜ், டி.வி. எப்படிக் கட்டுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வெளியே சொன்னால் ஆபத்து என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனால் அதனாலேயே கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போகின்றன.

லாரிக்காரர் கையில் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை அதன் உரிமதாரரோடு கட்டிப்போடுகிறது. உரிமம் இல்லாத இன்னொருவர் அதைத் தூக்கிச் செல்லச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உரிமதாரர் கூடவே இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அதுவும் பழுதுபார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உரிமதாரரின் பயன்பாட்டுக்காகவோ மட்டும். வீட்டுச் சாமானோடு சேர்த்து அனுப்புவது இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் காரில் முன்னால் போய்விட, பின்னால் வரும் லாரியில் துப்பாக்கி இருந்தால், அந்த ஓட்டுநர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர் ஆகிறார். 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கூலிக்கு வண்டி ஓட்டும் ஒருவரை, அவருக்கே தெரியாமல், இந்த இடத்தில் நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வழியில் போலீஸ் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். ஆகவே அசல் உரிமம் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், நகல் வேறொரு பையில். உரிமத்தில் எழுதியுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியில் எண் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது. குழலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்குள் இருக்கும். துடைத்துப் படித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் முன்பு ஒரு குமாஸ்தா 3-ஐ 8 என்று எழுதியிருந்தால், அது தெரியவேண்டிய இடம் உங்கள் வீடு. நடுவழிச் செக்போஸ்ட் அல்ல.

உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கோ கொச்சிக்கோ குடிபோகிறவர்கள் அந்த வரியைப் படிக்காமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையை விரிவாக்க முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர், இவர்கள்தான் உரிமம் வழங்கும் அதிகாரிகள். நிரந்தரமாக ஊர் மாறினால், புதிய ஊரின் அதிகாரிக்கும் பழைய ஊரின் அதிகாரிக்கும் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதிய அதிகாரி கேட்டால் உரிமத்தையும் துப்பாக்கியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உரிமம் முடிய இரண்டு மூன்று மாதமே இருந்தால், பழைய ஊரிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கோப்பு ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நகர்வதற்குள் தேதி ஓடிவிடும்.

குடகை உதாரணம் காட்டிப் பேசுகிறவர்கள் மலைப்பகுதிகளில் உண்டு. குடவ இனத்தவருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருப்பது உண்மை. 2019-இல் அது பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அது அவர்களுக்கான விலக்கு. பக்கத்து மலையில் இருப்பதால் நமக்கு வந்துவிடாது.

காட்டு வழியாகப் போகிறவர்களுக்கு

பெரியப்பாவின் பயணத்தில் எங்களுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் இருந்தது. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஆழியாறு வரும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 31-ஆவது பிரிவில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அவர் அதிகாரம் அளித்தவரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் இந்த அனுமதிக்கு ஈடாகாது. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் முதுமலை, பந்திப்பூர் இரண்டையும் கடக்கிறார்கள். பந்திப்பூரில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலையே மூடிக்கிடக்கும். துப்பாக்கியோடு செக்போஸ்டில் இரவைக் கழிக்க நேர்வதைப் போன்ற கஷ்டம் வேறில்லை. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, என்றைக்கு, எந்த வண்டியில், எந்த வழியாக என்று எழுதி அனுமதி வாங்குங்கள். முடியாவிட்டால், சுற்றானாலும் காட்டைத் தொடாத சாலையில் போங்கள்.

குடிபோகும் இடம் காட்டோரமாக இருந்தாலும் கவனம் தேவை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவது பற்றி அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு பேசுகிறது. ஓய்வுக்காலத்துக்கு மலையடிவாரத்தில் தோட்ட வீடு வாங்குகிறவர்கள் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெறுங்குழலா என்று பார்ப்பது

துப்பாக்கியைக் கட்டுவதில் முக்கால்வாசி வேலை, அது வெறுங்குழல்தான் என்று உறுதி செய்துகொள்வது. இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். சிமெண்ட் தரையிலும் கல் சுவரிலும் குண்டு பட்டால் எகிறித் திரும்பும். கொல்லையில் மண்தரையைப் பார்த்துக் குழல் இருக்கட்டும். கொல்லை இல்லாத அடுக்குமாடிவாசிகள் ஒரு பெரிய வாளியில் மணல் நிரப்பி அதற்கு நேராகப் பிடிக்கலாம். விரல் விசையின் மேல் போகவே கூடாது. பக்கத்தில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் வேண்டாம்.

மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் இது எளிது. திறந்தால் இரண்டு குழலின் வழியாகவும் வெளிச்சம் தெரியும். மேகசின் உள்ள துப்பாக்கியில்தான் பலர் வரிசையைத் தவறவிடுகிறார்கள். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் போல்டையோ ஸ்லைடையோ பின்னுக்கு இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அறைக்குள் இருந்த தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்து நிம்மதி அடைவோம். ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறியிருக்கும். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிக்கும் கதைகளில் பல இப்படிப் பிறந்தவை. கண்ணால் பார்த்த பிறகு, சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தொட்டும் பாருங்கள். சோதிப்பதற்காக விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது.

எனக்கு அதிக பயம் தருவது வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. காட்டோர விவசாயிகளிடம் அதிகம் இருப்பது இதுதான். இதைத் திறந்து பார்க்க வழியில்லை. பன்றிக்காகக் கெட்டித்து, பன்றி வராமல் போய், அப்படியே மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கி வருடக்கணக்கில் உள்ளே மருந்தோடும் ரவையோடும் நிற்கும். இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. குதிரையின் கீழே கேப்பு இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். பிறகு, முகத்தையும் கையையும் குழல்வாய்க்கு நேராகக் கொண்டுவராமல் பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அது நிற்கும் இடத்தில் வாய் விளிம்பு மட்டத்துக்கு அடையாளம் போட வேண்டும். குச்சியை வெளியே எடுத்து, அதே அடையாளம் வாயில் இருக்கும்படி குழலின் வெளிப்பக்கத்தோடு வைத்துப் பார்த்தால், அதன் நுனி கேப்பு வைக்கும் இடம் வரை எட்ட வேண்டும். நாலு விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அதை நீங்களே தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும் என்பார்கள். ஆனால் கருமருந்து காய்ந்தால் மறுபடி உயிர்பெறக்கூடும்.

வெறுங்குழல் என்று உறுதியான பிறகு கழற்றுவது சுலபம். இரட்டைக் குழல் துப்பாக்கி குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்று துண்டாகும். ரைபிளில் போல்டை எடுத்துவிட்டால் மீதி வெறும் இரும்பும் கட்டையும்தான். அந்தப் போல்டைத் தனியாக, வேறொரு பூட்டுக்குள் வையுங்கள். கைத்துப்பாக்கிக்கு விசைப்பூட்டு கிடைக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பருத்தித் துணிச் சுற்று, பூட்டக்கூடிய கெட்டிப் பெட்டி. பெட்டியின் மேல் எதுவும் எழுத வேண்டாம். பழைய தோல் உறைகள் பார்க்க அழகு, ஆனால் மலைக் குளிரிலிருந்து சமவெளி வெக்கைக்கு இறங்கும்போது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். பயணத்துக்கு மட்டும் அதில் வைக்கலாம், போய்ச் சேர்ந்ததும் வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியிலேயே இருந்தால் உத்தமம். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் தோட்டா வெடித்துவிடாது, ஆனால் மருந்து கெடும். வண்டி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். பெட்டியில் கிடக்கும் தோட்டா தீயில் பட்டாசு போலக் கிழிந்து சிதறும், குண்டு வெகுதூரம் பாயாது. துப்பாக்கிக்குள் கெட்டித்திருக்கும் தோட்டா சுட்டதைப் போலவே பாயும். தீயணைக்க ஓடிவருகிறவர் நெஞ்சுக்கு நேராகக்கூட அது பாயலாம்.

எண்ணிப் பாருங்கள். வாங்கியது எத்தனை, சுட்டது எத்தனை, மீதி எத்தனை. பழைய கோட்டுப் பை, வேட்டைக் காலத்துத் தோள்பை, காரின் டேஷ்போர்டு, மேசை இழுப்பறை, எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் ஒற்றைத் தோட்டா சிக்கி, பயணம் கெட்டு, வழக்குப் பதிவாகி அலைகிறவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் அவை மறந்துபோன தோட்டாக்கள். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. அதை வைத்துப் பல உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ரத்தும் செய்திருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்கு வரும் வரை நடக்கிற நடை நீதிமன்றத்துக்குத் தெரியாது, நடந்தவருக்குத்தான் தெரியும்.

விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தால், டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் சொல்லி, கவுண்டரில் அறிவித்து, வெறுங்குழலாகப் பூட்டிய பெட்டியில் சரக்குப் பகுதிக்குக் கொடுக்க வேண்டும். தோட்டாவுக்கு ஒருவருக்கு 5 கிலோ என்பது சர்வதேச உச்சவரம்பு. நிறுவனங்கள் அதற்கும் குறைவாகவே அனுமதிக்கலாம். ரயிலில், அறிவிக்காமல் வெடிபொருளைப் பார்சலில் போடுவது ரயில்வே சட்டப்படி குற்றம். சொந்தக் காரில் டிக்கியில் பூட்டி, நீங்களே கூடப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. டீ குடிக்க நிறுத்தினாலும் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

பால் காய்ச்சும் நாள்

புது வீட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பால் காய்ச்சும் நாளில் உறவினர் கூட்டம், ஓடித் திரியும் குழந்தைகள், திறந்து கிடக்கும் அறைகள். அடுத்த ஒரு வாரம் தச்சர், எலெக்ட்ரீஷியன், கேபிள்காரர், ஏ.சி. மாட்டுகிறவர் என்று முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் நடமாடுவார்கள். பீரோ இன்னும் சுவரோரம் போய் நிற்கவில்லை, அதன் சாவி எந்தப் பையில் என்று தெரியவில்லை. ஒரு துப்பாக்கி வீட்டில் இருப்பதற்கு இதைவிட மோசமான வாரம் கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன், மூட்டை கட்டத் தொடங்கும் முன்பே துப்பாக்கியையும் தோட்டாவையும் போலீஸ் ஸ்டேஷனிலோ, பாதுகாப்பில் வைக்க உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். தேர்தல் வந்தால் ஒப்படைத்துப் பழகியவர்கள்தானே நாம்? ஸ்டேஷனில் ரைட்டர் கொடுக்கும் ரசீதில் துப்பாக்கியின் வகை, எண், தோட்டா எண்ணிக்கை மூன்றும் இருக்கின்றனவா என்று நின்று படித்துவிட்டு வாருங்கள். ஒப்படைக்கும் முன்பு கெட்டியாகக் கிரீஸ் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் துருவோடு திரும்பி வரும். புது வீட்டில் இரும்பு பீரோவைச் சுவரோடு போல்டு போட்டு இறுக்கி, பூட்டைச் சரிபார்த்த பிறகு, ஒரு தனி நாளில் போய் எடுத்து வாருங்கள்.

புது ஊரில் துப்பாக்கிக்கு வேலை இல்லை என்று தோன்றினால் விற்றுவிடலாம். உரிமம் உள்ள தனிநபருக்கு விற்பதானால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வீடு மாறும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே முடிவெடுத்தால்தான் இது நடக்கும்.

கடைசியாக, மிகவும் மனதை உறுத்தும் ஒன்று. பெரியவர் இறந்துபோய், பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் துப்பாக்கி கிடைக்கிறது. உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. அந்த நிமிடம் முதல் அதைக் காரில் போட்டுச் சென்னைக்கு எடுத்துப்போகும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. திறந்து பார்க்க வேண்டாம், துடைக்க வேண்டாம், போட்டோவுக்குப் பிடித்து நிற்க வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, இறப்புச் சான்றிதழையும் பழைய லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி, அவர்கள் சொல்லும் விதத்தில் ஒப்படையுங்கள். அப்பாவின் நினைவாக வேண்டுமென்றால், வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2019 திருத்தம். பாரம்பரியத் துப்பாக்கிகளும் இந்தக் கணக்கில் சேரும்.

என் பெரியப்பா, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார். 72-ஆவது வயதில் மகனை அழைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகம் போய் மனு கொடுத்தார். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவரும் ஒரு பழைய துப்பாக்கியும் இருந்தால், அது எங்கே இருக்கிறது, தோட்டா எங்கே இருக்கிறது, லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று இந்த வாரமே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்குச் சொல்லும் முன்பு ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.